ஏ.சி.யில் வந்தவன்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது தெரியாமலே எழுதத் துணிந்துவிட்டேன். வாசகர்கள் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டும்.

காரின் ஏ.சி.யைப் போட்டதும் ஓர் ஆணின் வாசனை ஜாய்சனின் முகத்தில் வந்து மோதியது.

சந்தனப் பவுடர், ஷேவிங் லோஷன், அவற்றுக்கு அடியில் லேசான வியர்வை. எங்கேயோ முகர்ந்த வாசனைதான். யாருடையது என்றுதான் பிடிபடவில்லை. இருக்கையை முகர்ந்தான், சீட் பெல்ட்டை முகர்ந்தான். அங்கெல்லாம் ஒன்றுமில்லை. ஏ.சி. ஓடினால் மட்டுமே வந்தது.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஜாய்சன், அஸ்தினாபுரம் வீட்டுக்கு முந்தைய நாள்தான் விடுமுறையில் வந்திருந்தான். அவன் கடலில் இருக்கும் மாதங்களில் இந்தக் காரை ஓட்டுபவள் அவன் மனைவி ஜெரூஷா. அவளுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை.

இன்னொருவனும் இதில் போய்வருகிறான் என்பது அப்போதுதான் ஜாய்சனுக்கு உறைத்தது. ஜெரூஷாவின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஃபிரெடி; சென்ற விடுமுறையில் தேவாலய வாசலில் கைகுலுக்கியவன்.

தட்டில் தோசையைப் போட்ட மனைவியிடம், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"அந்த ஃபிரெடி இன்னும் உன்கூடத்தான் ஆபீஸ் வர்றானா?"

"ஆமாங்க. கேம்ப் ரோட்ல ஏறிப்பான். மேடவாக்கம் டிராஃபிக்ல பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேணாமா?"

"சென்ட் கிண்ட் போடுவானோ?"

"ஃபிரெடியா?" ஜெரூஷா வாய்விட்டுச் சிரித்தாள். "அவன் குளிச்சிட்டு வந்தாலே அன்னிக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்!"

அந்தச் சிரிப்புதான் ஜாய்சனைச் சுட்டது. கப்பலிலிருந்து வீடியோ காலில் அழைக்கும்போதெல்லாம் தூக்கம் வழியும் முகத்தோடு வருபவள், ஃபிரெடியின் பெயரைச் சொன்னதும் இப்படிச் சிரிக்கிறாள். தான் நடுக்கடலில் கிடந்த காலைகளில் எல்லாம் அவன் இவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். காற்று வரும் வழியில்கூட அவன் வாசனை ஏறிவிட்டதென்றால்?

ஜெரூஷாவுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. ஏ.சி.யைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் எபியிடம் காரைக் கொண்டுபோனான்.

எபி டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்து கறுப்பு ஃபில்டரை உருவினான்; முகர்ந்தான்.

"இதுல இருந்துதான் சார் வருது. கார்பன் ஃபில்டர். வாடையை இழுத்து வெச்சுக்கத்தான் இதைப் போடறோம். போடறதுக்கு முன்னாடியே கவரைப் பிரிச்சு வெளிய வெச்சுட்டா, பக்கத்துல இன்னா கீதோ அதையும் இழுத்துக்கும். இது நல்லா ஊறிக்கினு கீது."

கடைசி வார்த்தைகள் மட்டுமே ஜாய்சனின் காதில் விழுந்தன.

"தினமும் ஒரே ஆள் உட்கார்ந்து வந்தா ஊறுமா?"

"எந்த ஆளு சார்?"

"ஊறுமா, ஊறாதா?"

"இன்னா சார், கூண்டுல ஏத்தி வெச்சுக் கேக்கற மாதிரி கேக்கறீங்க! சரி, ஊறும்னே வெச்சுக்கங்க."

ஜாய்சன் அந்த ஃபில்டரைக் கையில் வாங்கினான். முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, அவ்வழியே போன குப்பை வண்டிக்குள் வீசினான். புதிய ஃபில்டரை எபி பொருத்திக்கொண்டிருக்கும்போதே ஃபிரெடிக்குப் போன் செய்தான்.

"நாளையிலேர்ந்து கேம்ப் ரோட்ல நிக்க வேணாம். என் பொண்டாட்டி கார்ல நீ ஏறக் கூடாது."

"அக்காவுக்கு ஏதாவது பிரச்சனையா சார்?"

"நீதான் பிரச்சனை. கார் பூரா உன் வாசனை. நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"சரிங்க சார்," என்றான் ஃபிரெடி, குரல் இறங்கி. "இனிமே அக்காவுக்குப் போன்கூடப் பண்ண மாட்டேன்."

திரும்பும் வழியில் ஏ.சி. வெறும் குளிர்ச்சியை மட்டுமே வீசியது. ஜாய்சன் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான்.

எபியிடம் கூடுதலாக வாங்கி வந்த இன்னொரு ஃபில்டரைப் பத்திரப்படுத்த வீட்டில் பீரோவைத் திறந்தான். சென்ற முறை கப்பலேறும் முன் அவன் கழற்றிப் போட்ட சட்டைகள், துவைக்காமலே மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, கவர் இல்லாமல், ஒரு புது ஃபில்டர் செருகப்பட்டிருந்தது.

"ஜெரூ! இதை கவரோடதான் வைக்கணும்னுகூடத் தெரியாதா உனக்கு?" அதை உருவிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"தெரியும். வேணும்னுதான் பிரிச்சு வெச்சேன்," என்றாள் ஜெரூஷா, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கேயே வைங்க. கார்ல இருக்கிறதை மாத்தும்போது போடணும்."

"கார்ல இருந்ததை உடைச்சுக் குப்பையில போட்டாச்சு. ஃபிரெடியையும் இனிமே வராதேன்னு சொல்லிட்டேன். அவன் வாசனை அதுல ஊறிக் கிடந்துச்சு ஜெரூ, எனக்கு மூக்கு இல்லேன்னு நினைச்சியா?"

ஜெரூஷா எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த ஃபில்டரை வாங்கி, பீரோ வரைக்கும் போனாள். சட்டைகளுக்கு நடுவே வைக்கப் போனவள் வைக்கவில்லை. திரும்பி வந்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"போனது ஒரு ஃபில்டர். தம்பி மாதிரி இருந்த ஒருத்தன். அப்புறம், நீங்க கப்பல்ல இருந்தப்போ தினமும் என்கூட ஆபீஸ் வரைக்கும் வந்த உங்க வாசனை."