தேவையில்லாதவை

குட்டி விமானத்தில் ஜெனரேட்டர் செத்துப்போனது. இன்ஜின் ஓடும். ஆனால் கீழே ஒரே மேகம். இறங்க வழி சொல்லும் ரேடியோவுக்குப் பேட்டரிதான் கதி.

“தேவையில்லாததை எல்லாம் அணை,” என்றான் விமானி.

பக்கத்திலிருந்த மனைவி விளக்கு, ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தாள்.

“சார்ஜ் இன்னும் இறங்குதே. வேற என்ன ஓடுது?”

“பின் சீட்டுல ஒண்ணு ஓடுதுங்க. அணைக்கட்டுமா?”

அவன் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதையெல்லாமா கேட்பாங்க? அணைச்சுத் தொலை.”

அணைத்தாள். ரேடியோ கடைசிவரை பேசியது. பூப்போல இறங்கினார்கள்.

காத்திருந்த ஆம்புலன்ஸ் டாக்டர் பின் சீட்டில் நாடி பார்த்துவிட்டுக் கையை விட்டார். “ஆக்சிஜன் மெஷினை யார் அணைச்சது?”

“அம்மா...” என்று திரும்பினான் விமானி.

“உங்களைக் கேக்காம எதையும் செய்யக்கூடாதுன்னு அத்தைதானே சொல்லியிருக்காங்க,” என்றாள் மனைவி. “அதான் கேட்டுட்டுத்தான் அணைச்சேன்.”