மூன்றுதரம் கூப்பிடும் பெட்டி

"ஒருக்காக் கூப்பிட்டா எங்கடை ஆக்கள் திரும்பியும் பாக்கமாட்டாங்கள், பிள்ளை. மூண்டுதரம் கூப்பிட வேணும்."

தென்கரை மீனவர் சங்கத் தலைவர் அடைக்கலநாதன் மேசையில் தட்டிச் சொன்னார். பிரியந்தினிக்குத் தலையிடி கிளம்பியது. இரண்டு மீனவர் சங்கங்கள், ஒரு வானிலை நிலையம், ஒரு கணினிக் கம்பெனி. இந்த நாலையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் கூடிவந்த நேரத்தில் இப்படி ஒரு வில்லங்கம்!

"ஏன் ஐயா மூண்டுதரம்? காத்துக் கிளம்பினா, படகிலை பூட்டின பெட்டி ஆளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும். 'கரைக்கு வாங்கோ' எண்டு சொல்லும். அவர் பொத்தானை அமத்தினா இஞ்சை திரையிலை பச்சைப் புள்ளி எரியும். ஒருதரம் கூப்பிட்டாக் காணாதோ?"

"காணாது. கடலிலை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனை பதில் சொல்லக் கூடாது. அது ஒருக்காக் கூப்பிடும். ரெண்டாந்தரமும் கூப்பிடும். மூண்டாந்தரம் கூப்பிடுறது மனிசர் மட்டும்தான்."

"எது ஐயா?"

"அதுதான்" என்றார் எதிரே இருந்த ஏரம்பு. அவர் வடகரைச் சங்கத் தலைவர். அதற்குமேல் கதைக்க விருப்பமில்லாமல் வெற்றிலையை வாய்க்குள் தள்ளிக்கொண்டார்.

வேடிக்கையைப் பாருங்கள். முதல் கூட்டத்திலிருந்து இந்த இருவரும் ஒன்றுக்கும் ஒத்துப்போனதில்லை. பெட்டிக்கு என்ன நிறம் பூசுவது என்பதற்கே சண்டை பிடித்தவர்கள். ஒருவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; மற்றவர் சைவம். ஆனால் பேய் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி!

பிரியந்தினி கடலே இல்லாத உடுவிலில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கம்பெனிக்காரப் பார்த்தீபனுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

"பேய்க்காகப் புரோகிராமை மாத்தச் சொல்லுறியளோ அக்கா?"

"ஓம் தம்பி, பேய்க்காகத்தான். மாத்தித் தாரும்."

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. போன வருடம் வடக்கில் காற்றுக் கிளம்பிய செய்தி தென்கரைக்கு வந்து சேர்வதற்குள் கடல் ஓர் ஆளை எடுத்துவிட்டது. அவளுடைய திட்ட அறிக்கையில் அது 'ஓர் உயிரிழப்பு' என்று இரண்டே சொல்லில் இருந்தது. ஆள் யாரென்று அவளும் விசாரிக்கவில்லை. இனி ஒரு கரைக்குத் தெரிந்தது மற்றக் கரைக்கும் அந்தக் கணமே தெரியவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

சோதனைக்கு நாள் குறித்தார்கள். முற்பகல் நேரம், நல்ல வெயில், காற்றே இல்லை. அரியாலை மண்டபத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். ஏரம்பு வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"கேளும் பிள்ளை. கூப்பிட்டா எல்லாப் படகும் கரைக்குத் திரும்ப வேணும். ஒண்டு நிண்டாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன். பிறகு உங்கடை கம்பியூட்டர் உங்களோடை, எங்கடை கடல் எங்களோடை."

பிரியந்தினி முதல் அழைப்பை அனுப்பினாள்.

அந்தக் கணமே ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. ஒன்றே ஒன்றுதான்.

ஏரம்புவின் வாய் வெற்றிலையோடு நின்றுவிட்டது. "ஆர் உவன்? ஒருக்காக் கூப்பிட்டதுக்கே பதில் சொல்லிப்போட்டான்!"

"பிரகாஸ் எண்டு கிடக்கு. தென்கரை" என்று வாசித்தாள் பிரியந்தினி.

"என்ரை மூத்தவன்." அடைக்கலநாதன் திரைக்குக் கிட்டப் போனார். "சின்னனிலையிருந்தே அப்பிடித்தான். ஒருக்காக் கூப்பிட்டாப் போதும்."

"பாத்தீங்களே ஐயா! உங்கடை வீட்டிலையே ஒருத்தருக்குப் பேய்ப் பயம் இல்லை" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் அழைப்புக்கு ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் அழைப்புப் போனதுதான் தாமதம், திரை முழுக்கப் பச்சை! புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைப் பக்கம் திரும்பின. பிரியந்தினிக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"பொறும். ஒண்டு நிக்குது" என்றார் ஏரம்பு.

முதலில் பதில் சொன்ன அதே புள்ளி. அவள் திரும்பவும் கூப்பிட்டாள். உடனே பதில் வந்தது. ஆனால் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. மற்றப் படகுகள் எல்லாம் கரை சேர்ந்தபின்னும் அது நடுக்கடலில் தனியே எரிந்துகொண்டிருந்தது.

ஏரம்பு சால்வையை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் வாறன், பிள்ளை."

"ஐயோ, கொஞ்சம் நில்லுங்கோ!" பிரியந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. அடைக்கலநாதன் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்கடை மகனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோவன். அவர் ஒராள் வராட்டி எல்லாம் வீணாப் போயிடும். இன்னொரு சாவு விழுந்தாப் பிறகோ நாங்கள் ஒண்டு சேரப்போறம்?"

அடைக்கலநாதன் சேர்ட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"ஆரும் கோவிக்காதேங்கோ. அவனையும் ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்க வேணும் போலை இருந்திச்சு. போன வருசக் காத்திலை அவன் தாண்டு செத்த இடத்திலை, பூவோடை சேத்து அவன்ரை பேரிலை எடுத்த அந்தப் பெட்டியையும் நான்தான் கடலுக்கை இறக்கினனான். அவன் இனி எங்கை பிள்ளை வாறது?"

வாசல்வரை போன ஏரம்பு திரும்பிப் பார்த்தார். திரையில் அந்தப் பச்சைப் புள்ளி மெதுவாகக் கரையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது.