நாலாவது வரி

உறையைப் பிரிக்கும் முன்பே மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேலை கொடுப்பவர்கள் போன் பண்ணுவார்கள். கொடுக்காதவர்கள்தான் மெனக்கெட்டுத் தபாலில் போடுவார்கள்.

இருந்தாலும் பிரித்தாள். வருந்துகிறார்களாம். மூன்றாவது வரிக்குள் ஆளைக் கைகழுவிவிட்டார்கள்.

அடுக்களையில் அப்பா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கடிதம் வந்த அதே வக்கீல் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக டைப்பிஸ்ட். தான் பெற்ற பெண் அங்கே வக்கீலாக வந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனாலும் நேர்காணலுக்குப் போகிறவள் தன் மகள் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சிபாரிசு என்ற பேச்சே வரக்கூடாதாம். பெரிய வக்கீல் ஐயா சொன்னதில் ஒரு கமாவைக்கூட மாற்றி அடித்ததில்லை என்று பீற்றிக்கொள்கிற மனிதர், வேறு எப்படி இருப்பார்!

அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

எல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியால் வந்த வினை. பழைய குத்தகை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதன்படி நோட்டீஸ் நாட்களை எதிலிருந்து எண்ணுவது என்று கேட்டார் பெரிய வக்கீல். கிடைத்த நாளிலிருந்து என்றாள். அனுப்பிய நாளிலிருந்து என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த இருவரும் கூடவே சிரித்துவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிப் புலம்பினாள். அவர் உம் கொட்டியதோடு சரி. அன்றிலிருந்து அவளுக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம்.

இன்னும் பதில் வரவில்லை என்று இரண்டு நாள் சமாளிக்கலாம். கடிதத்தை மடிக்கப் போனவள் நாலாவது வரியைப் பார்த்தாள்.

'நோட்டீஸ் நாட்கள் குறித்துத் தாங்கள் கூறிய பதில் சரியானதே.'

அதன் கீழே பெரிய வக்கீலின் கையெழுத்து.

அட, ஒப்புக்கொண்டுவிட்டாரே! வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள்.

அப்போதுதான் இடது ஓரத்தைக் கவனித்தாள். அந்த அலுவலகக் கடிதங்களில், அடித்தவர் யாரென்று தெரிய அங்கே இரண்டு எழுத்து போடுவது வழக்கம். அவை அப்பாவின் பெயரெழுத்துகள்.

தேதி மூன்று நாள் முந்தையது.

தினமும் வீட்டுக்குள் நுழையும்போதே பதில் வந்ததா என்று கேட்பவர், மூன்று நாளாகக் கேட்கவில்லை. அவள் முறை வந்தபோதும் பாத்திரத்தை அவரே கழுவி வைத்தார்.

கடிதத்தோடு அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, இந்த நாலாவது வரியும் ஐயா சொன்னதுதானா?"

அவர் நிமிரவில்லை. இன்னொரு கிழங்கை எடுத்தார்.

"அந்த ஒப்பந்தத்த அடிச்சதே நான்தாம்மா. ஐயா கையெழுத்துப் போடும்போது எதையும் படிக்கிறதில்ல."