பூமாரி காரச்சேவு

காரச்சேவு விற்கப்போகிற எங்கள் வெப்சைட்டுக்குப் பேர் பதிவாகிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் ஒரு பேரைச் சொன்னால் போதும், செல்போனிலிருந்து ஃபேன் வரை எல்லாம் கேட்டுவிடும். நாம் பதிவதற்குள் எவனாவது வாங்கிவிடுவான். அதனால் ஊரில் எல்லோரும் கடைப் பேரைத் தாளில் எழுதித்தான் முடிவு செய்கிறார்கள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சில பேர்களை எழுதி நீட்டினேன். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, படிச்சுச் சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னுதானம்மா எழுதியிருக்கேன்!"

"நான் போடுத காரச்சேவு, பேரு மட்டும் நீ வைப்பியோ? பூமாரின்னு வையி."

பூமாரி என் அக்கா. சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

பதறிப்போய்ப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் எவனோ அந்தப் பேரை வாங்கிவிட்டான். புகார் எழுதினேன். முதலில் பதிந்தவருக்கே உரிமை என்று பதில் வந்தது. காலேஜில் படித்து வாங்கின இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கிழிப்பது?

அடுத்த மாதமே அந்தப் பேரில் அவன் காரச்சேவு விற்றான். அம்மா ஒரு பாக்கெட் கேட்டாள். திட்டிக்கொண்டே வாங்கிக் கொடுத்தேன். அவள் பிரிக்கவில்லை. மேலே இருந்த பெரிய எழுத்துகளை விரலால் தடவினாள்.

"இதுதான் அவ பேரா?"

"ஆமாம்மா."

"இப்பத்தான் பாக்கேன்."

பாக்கெட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அவன் பாக்கெட்டுக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது.