நாலரை மணி நேரப் பொய்

“மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். நாலரை மணி நேரம் பறக்கணுமாம்” என்று படித்துச் சொன்னார் சித்தப்பா. எதையும் கைபேசியில் பார்த்தால்தான் நம்புகிற ஆள்.

கட்டிலில் அவருடைய அண்ணன், அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா, இறந்து கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு இப்போதுதான் போயிருந்தார்.

தம்பி அவ்வளவு தூரத்தில், வெளிநாட்டில், விமானம் ஏற நின்றுகொண்டிருந்தான். வந்து இறங்கும்வரை அவனிடம் மூச்சு விடக்கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு. முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அழவும் முடியாமல் எழவும் முடியாமல் பிள்ளை அவ்வளவு தூரம் வர வேண்டுமா?

அக்காவுக்கும் அது சரியென்றே பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. தன் அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

ஃபோன் அடித்தது.

அப்பா முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அவளுக்கே தன்னை நினைத்துப் பயமாக இருந்தது.

“அப்பா காதுல வை அக்கா. ஒரு வார்த்தை பேசிட்டு ஏறிடறேன்.”

இதற்கு அவளிடம் பொய் தயாராக இல்லை. ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் காதருகே பிடித்தாள். காது ஜில்லென்று விரலில் பட்டது.

கிளம்பிட்டேன்ப்பா என்றான் தம்பி. கேட்குதாப்பா என்றான்.

மகன் ஒரு மணி நேரம் கதை சொன்னாலும் அப்பா ஃபோனில் ‘ம்’ என்பதோடு சரி. அந்த ஒன்றுக்காகத்தான் அவன் காத்திருக்கிறான்.

அவள் அப்பாவின் உதட்டையே பார்த்தாள். செத்தவரிடம் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவைப்பா.

“ம்.”

அச்சு அசல் அப்பாவின் குரல், அதே இழுவை. ஒரு கணம் அவர் உயிரோடுதான் இருந்தார், டாக்டர்தான் மடையர்.

பிறகுதான் தலைமாட்டில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே குரல் என்று ஊரே சொல்லும்.

மறுமுனையில் விமான நிலைய அறிவிப்பு ஒன்று முழுதாக ஓடி முடிந்தது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சித்தப்பா... அப்பாவோட ‘ம்’ எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க. உடைஞ்சுபோயிடுவா. நான் வந்து பக்கத்துல நிக்கிற வரைக்கும் அவ பொய் சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.”

ஸ்பீக்கரில் அவளும் கேட்பது அவனுக்குத் தெரியாது. சித்தப்பா அவளைப் பார்த்தார். தான் கேட்டுவிட்டதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் அறைக்குள் வருகிறவள் போலக் கேட்டாள்.

“அப்பா பேசினாராடா?”

“பேசினாருக்கா” என்றான் தம்பி.