பீரங்கி முதுகில் ஏறிய நண்டு

நாலாபக்கமும் கடல் சூழ்ந்த தீவு அது. அங்கே காட்டில் சிவப்பி என்றொரு நண்டு. முட்டை முற்றினால் மழையோடு மழையாகக் கடலுக்கு இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் கருகிப் போகும். அம்மா போன பாதையிலேதான் போகும்; சுற்றிப் போகிற பழக்கம் அந்தக் குலத்துக்கே கிடையாது.

இந்த மழைக்குப் பார்த்தால், பாதைக்குக் குறுக்கே கோட்டைச் சுவர். ஏறினால் வழுக்கியது. சுவரில் விட்ட ஓட்டை வழியாக ஒரு பீரங்கி கடலைப் பார்த்துக் கிடந்தது.

"அண்ணே, இதைக் கட்டினவங்க கப்பலேறி ஓடிட்டாங்களாமே! சுவரு மட்டும் ஏன் நிக்குது?" என்று பீரங்கியைக் கேட்டது சிவப்பி.

"புதுசா வந்தவங்க இருக்கட்டும்னுட்டாங்க. பூசி, வெள்ளையடிச்சு, வேற கொடியும் ஏத்தியாச்சு."

"அவங்களை விரட்டத்தானே உன்னை வெச்சாங்க?"

"ஆமா. இப்ப அவங்கதான் எனக்கு எண்ணெய் போடுறாங்க. பழைய ஆளு வந்தா சுடணுமாம்."

சிவப்பிக்குத் தலை சுற்றியது. "அப்ப நீ யாரு பக்கம்?"

"தெரியலையேம்மா. நீ?"

"என் முட்டை இன்னைக்குத் தண்ணியைத் தொடணும். எனக்கு வேறொண்ணும் தெரியாது."

"அப்ப என் முதுகுமேல ஏறிப் போ."

சிவப்பி ஏறி, பீரங்கியின் வாய்வரை நகர்ந்து, கடலில் குதித்து வயிற்றை உதறியது. தண்ணீர் பட்டதும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் அலையோடு போயின.

"தள்ளிப் போ தாயி, திரி வைக்கிறாங்க!" என்று கத்தியது பீரங்கி.

"ஐயோ, யாரைச் சுடப் போறே?"

"அதை என்கிட்ட என்னைக்குச் சொல்லியிருக்காங்க?"