ரெண்டு பட்டன்

மெஷினுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பூதத்தான் மூன்று வருஷமாக மனு எழுதிப் போட்டதெல்லாம் வீண் போகவில்லை. திங்கட்கிழமை காலை அவர் தாராவியிலிருந்து அம்பர்நாத் ஆலைக்கு வந்தபோது, புது பிரஸ் மெஷின் நின்றிருந்தது.

“நீரு ஜெயிச்சிட்டீரு வே!” என்றார் ஃபோர்மேன் நயினார். “ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒண்ணா அமுக்கினாத்தான் அச்சு இறங்கும். இனி எவன் கையும் உள்ள மாட்டாது.”

பூதத்தான் இரண்டாவது பட்டனையே பார்த்தார்.

“பழைய மிதி மெஷின் எங்க வே?”

“அந்தச் சனியனா? நேத்தே பழைய இரும்புக்குப் போட்டாச்சு.”

பூதத்தானின் வலப்பக்கச் சட்டைக்கை காலியாக ஆடியது.

“என் கையைத் தின்ன சனியன்தான். ஆனா காலால மிதிச்சு, மிச்சக் கையால தகடு வச்சு, அதுலதானே வே மூணு வருஷமாப் பொழச்சேன்!”